ஏடும் உளியும்

பள்ளிப் பிள்ளைக்கு வேண்டுவது ஏட்டுக் கல்வியா, கைத்தொழிலா என்னும் வினா நம் நாட்டில் ஓய்ந்தபாடில்லை. 1953இல் அது சென்னை மாநிலத்தையே உலுக்கியது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை அதனை மீண்டும் எழுப்பியது. இரு தரப்பாரும் சான்றுகளை அடுக்குகின்றனர். ஆயின், 'எந்தப் பிள்ளைக்கு?' என்னும் கேள்வியை முதலில் வைத்துப் பார்ப்போர் சிலரே. நாம் அதையே முதலில் வைக்க விழைகிறோம்.

கைத்தொழிலை இழிவாகக் கருதுவதற்கு நம் மார்க்கத்தில் இடமில்லை. தம் கையால் உழைத்து உண்பதினும் மேலான உணவு இல்லையென்றும், நபி தாவூத் (அலை) அவர்கள் அவ்வாறே உண்டார்களென்றும் ஹதீஸ் கூறுகிறது. நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் மருத்துவத்தையும் கணக்கையும் மட்டுமின்றி, வேளாண்மை, நெசவு, தையல் ஆகியவற்றையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்தார்கள். சட்டப் பேரறிஞர் ஒருவரைச் செருப்புத் தைப்பவர் எனப் பொருள்படும் 'கஸ்ஸாஃப்' என்ற பெயராலேயே உலகம் அறியும். தொழிற்பெயர் அவருடைய கல்விக்கு மாசாகவில்லை.

ஆயினும் இச்சான்றுகளோடு நின்றுவிட்டால் பாதி உண்மையே கிட்டும். மறுபாதியை இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களின் இளமை வரலாறு காட்டுகிறது. தந்தையை இழந்த ஏழைச் சிறுவர் அவர். தாயார் அவரைத் துணி வெளுக்கும் தொழிலாளி ஒருவரிடம் வேலைக்கு விட்டார். சிறுவரோ வழியில் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாடசபையில் போய் அமர்ந்துகொள்வார். தாயார் வந்து கைபிடித்து இழுத்துச் செல்வார். அன்றாடக் கூலியின்றி அடுப்பெரியாது என்பது அந்த அன்னையின் வழக்கு. அது பொய்யன்று. இமாம் அவர்கள் அந்த அன்னைக்கு அறிவுரை கூறியதோடு அமையவில்லை. சிறுவருக்குப் பணமுடிப்பு அளித்து, அது தீருந்தோறும் மீண்டும் அளித்துவந்தார்கள். அச்சிறுவரே பின்னாளில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் அரசில் தலைமைக் காழியானார். துணி வெளுப்பது இழிதொழிலன்று. ஆனால் வறுமை ஒன்றே காரணமாக ஒரு பிள்ளையை அத்தொழிலில் கட்டிப் போடுவது அநீதி. இவ்விரண்டையும் ஒருசேர உணர்த்துவதே இவ்வரலாற்றின் சிறப்பு.

இவ்வளவுகோலைக் கொண்டு 1953ஆம் ஆண்டுத் திட்டத்தை எடைபோடுவோம். முதலமைச்சர் இராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்தார். எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத காலத்தில், இருவேளை முறையால் மேலும் பல பிள்ளைகள் கற்கலாம் என்ற அவரது வாதத்தில் ஓரளவு நியாயம் இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆயின், தந்தையின் தொழிலே மகனுக்கு என்றால் சாதிக்கு அரசே முத்திரை இடுவதாகாதா? பெரியார் அதனைக் 'குலக்கல்வி' எனச் சாடினார். காமராசர் முதல்வரான 1954இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இதற்கும் வார்தாத் திட்டத்திற்கும் உள்ள வேறுபாட்டை அறிதல் வேண்டும். காந்தியடிகள் 1937இல் கூட்டிய மாநாட்டின் பின் டாக்டர் ஜாகிர் ஹுசைன் தலைமையிலான குழு வகுத்த ஆதாரக் கல்வியில், நூற்பு போன்ற கைத்தொழில் பள்ளிக்குள்ளேயே பாடங்களின் நடுவே இருந்தது; எக்குலத்துப் பிள்ளைக்கும் பொதுவாக இருந்தது. இராஜாஜியின் திட்டத்திலோ தொழில் பள்ளிக்கு வெளியே, பிறப்பின் வழியே வந்தது. பெயரளவில் இரண்டும் தொழிற்கல்வியே. பயனளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

நாம் வாழும் திருவேங்கடம் கரிசல் பூமி. மழை பொய்த்தால் விளைச்சல் இல்லை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரம் போன்றே இங்கும் தீப்பெட்டித் தொழில் பலருக்குச் சோறிட்டது. ஒரு காலத்தில் இவ்வட்டாரத்துச் சிறார்கள் சட்டத்தில் குச்சி அடுக்கினர், பெட்டி ஒட்டினர். அவர்கள் தொழில் கற்றார்கள் என்று எவரேனும் கூறுவரா? விரல் வேகம் கற்றார்கள், அவ்வளவே. மருந்தின் இயல்போ, சந்தைக் கணக்கோ அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை. இயந்திரம் வந்ததும் அந்த விரல் வேகமும் விலை இழந்தது. சிவகாசிச் சிறார்களைப் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. ஆனால் 2016இன் சட்டத் திருத்தம், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகப் பிள்ளைகள் உதவலாம் என்று விலக்களித்தது. 1953இல் முன்வாசலில் மறுக்கப்பட்டது பின்வாசல் வழியே நுழைந்துவிடுமோ என்னும் அச்சம் நமக்குண்டு.

மறுபக்கத்தையும் மறைத்தல் நேர்மையன்று. கருவியைத் தொடாமலே அறிவியலில் நிறைமதிப்பெண் பெறும் மாணவர்களை நம் பள்ளிகள் உருவாக்குகின்றன. 1978இல் மேனிலைக் கல்வியோடு வந்த தொழிற்பிரிவு, மதிப்பெண் குறைந்தோரின் ஒதுக்கிடமாகவே பார்க்கப்படலாயிற்று. நம் அரபு மதரஸாக்களும் விலக்கல்ல. நஹ்வும் ஸர்ஃபும் பல்லாண்டு ஓதி ஸனதுடன் வெளிவரும் இளைஞர் பலர், இமாமத்தைத் தவிர வேறு பிழைப்பறியாது ஊராரின் கையை எதிர்நோக்கி நிற்பதை நாம் கண்ணாரக் காண்கிறோம். கைத்தொழிலின் சிறப்பை மிம்பரில் முழங்கும் நாமே அதனைப் பாடத்திட்டத்தில் சேர்க்காதது நம் குறையே.

இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் தொழில்களையும் கல்வியையும் பகையாகக் கருதவில்லை. தொழில்கள், அவற்றுள்ளும் எழுத்தும் கணக்கும், பயில்வோரின் அறிவை வளர்க்கும் என்கிறார். கற்பித்தலையே ஒரு தொழிலாக எண்ணுகிறார். ஆகவே, உளி கூடாதென்பதன்று நம் வாதம். 2020இன் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு மாணவர்கள் பத்து நாள் பையின்றிச் சென்று தச்சர், குயவர் போன்றோரிடம் பயிலலாம் என்கிறது. நல்லதே. ஆனால் மருத்துவரின் மகன் பத்து நாள் குயவரிடம் இருந்துவிட்டு வகுப்பறைக்குத் திரும்புவான். குயவரின் மகனும் திரும்புவானா? திரும்புவான் என்பதற்கு அரசு பொறுப்பேற்றாலன்றி அத்திட்டம் நிறைவுறாது.

ஏடும் உளியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியவை. ஏழைக்கு உளி, செல்வனுக்கு ஏடு என்று பங்கிடுவதையே நாம் மறுக்கிறோம். அபூ யூசுஃபின் தாயாரைப் போல் பிள்ளையின் கைபிடித்து இழுத்துச் செல்லும் அன்னையர் இன்றும் உள்ளனர். அவர்களைக் கடிந்து பயனில்லை. அந்தப் பணமுடிப்பை அளிக்க அரசும் ஜமாஅத்தும் முன்வருமா என்பதே கேள்வி.