கூட வந்தவர்

இமயப் பயணம் பற்றித் தமிழில் எழுதுகிற பலருக்கு மலை ஏறுமுன்பே எல்லாம் தெரிந்துவிடுகிறது. பனி என்றால் தூய்மை. கிராமத்தார் என்றால் கபடமற்ற சிரிப்பு. கோயில் என்றால் மெய்சிலிர்ப்பு. கண் செய்யவேண்டிய வேலையைத் 'தரிசனம்' என்ற ஒரு சொல் முடித்துவிடுகிறது. வழி காட்டி, மூட்டை சுமந்து, டீ போட்டுக் கொடுத்த ஆள் முதல் அத்தியாயத்தோடு காணாமற்போகிறார்.

பீட்டர் மாத்திசனின் 'தி ஸ்னோ லெப்பர்ட்' (1978) இந்த வியாதியிலிருந்து முழுக்கத் தப்பவில்லை. 1973இல் ஜார்ஜ் ஷாலருடன் நேபாளத்தின் டோல்போவிலுள்ள ஷே மடாலயத்துக்குப் போன பயணம் அது. ஷாலர் நீல ஆடுகளை ஆராயப் போகிறார். முந்தைய ஆண்டு மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மாத்திசன் வேறெதற்கோ. பௌத்தம் பேசும் பக்கங்கள் பலவும் எனக்கு ஒப்பித்த பாடமாகவே கேட்கின்றன. ஆனால் டுக்டன் என்ற ஷெர்பா வரும்போதெல்லாம் வாக்கியம் விழித்துக்கொள்கிறது. சுமை தூக்க வந்தவர், சக ஷெர்பாக்களே நம்பாதவர். அவரைக் குருவாக்கிவிட மாத்திசனுக்கு ஆசை, பலவீனம்தான். கடைசியில், போத்நாத்தில் சந்திப்பதாக இருந்த டுக்டன் வரவில்லை. மாத்திசன் காணாத சிறுத்தையைவிட இந்த வராத மனிதர்தான் புத்தகத்தில் பெரியவர் என்று எனக்குப் படுகிறது. சிறுத்தை தென்படாததை ஞானமாக்கிக்கொள்ள முடிந்தது. டுக்டன் வராததை எதுவாகவும் ஆக்க முடியவில்லை. அவருக்கு அவர் ஜோலி.

இதைச் சொல்ல எனக்கு யோக்யதை உண்டா என்பது வேறு. பாங்கில் லீவு வாங்கிக்கொண்டு நானும் ஜோம்சோமிலிருந்து முக்திநாத்துக்கு நடந்தேன். இன்று ஜீப் போகிற வழி. வழிகாட்டி வைத்துக்கொண்டது கொஞ்சம் ஆடம்பரம். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் இதுவே என்பார்கள். கண்டகிப் படுகையில் முற்பகலிலேயே காற்று மணலை முகத்தில் அறையத் தொடங்குகிறது. அங்கே பொறுக்கும் கல், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடற்பிராணியின் அச்சு, அதுவே விஷ்ணு. 3,700 மீட்டருக்கு மேலே 108 நீர்த்தாரைகள். ஜ்வாலாமாயி சந்நிதியில் பௌத்த பிக்குணிகள் பராமரிக்கும் சுடர். எல்லாம் என் நோட்டில் இருக்கிறது.

ஊர் திரும்பிப் படித்துப் பார்த்தேன். 'வழிகாட்டி சொன்னார்' என்று பதினோரு இடத்தில் வருகிறது. ஜார்கோட்டில் ஒரு வீட்டு வாசலில் அவர் யாருடனோ அரைமணி நேரம் வாக்குவாதம் செய்தார். நேரமாகிறதே என்று எரிச்சல்பட்டது ஞாபகம் இருக்கிறது. என்ன விஷயம் என்று கேட்கவில்லை. நாளெல்லாம் கவுண்டருக்குப் பின்னால் முகமில்லாமல் உட்கார்ந்திருப்பவன் நான், கேட்கவில்லை. அந்த அரைமணிக்கு நோட்டில் எழுதியிருப்பது: தவளகிரி, மாலை வெயில், பொன்.