வெகுளியும் பெயரும்: 'எர்த்சீ' புதினத்தில் சினம் காத்தலின் மொழி

சிறுவர்க்கான வீரச்செயல் கதைகளில் இளந்தலைவனின் சினம் பெரும்பாலும் இரு வகையாகக் கையாளப்படுகிறது. பகைவனை வீழ்த்தும் ஆற்றலாக அது போற்றப்படும். அல்லது பெரியோர் அறிவுரையால் அடக்கவேண்டிய குற்றமாகக் கண்டிக்கப்படும். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் (1929-2018) 1968இல் வெளியிட்ட 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' என்னும் புதினம் இவ்விரு வகையிலும் அடங்காது. சினத்தை வெல்லுதலை அது மொழி தொடர்பான ஒரு சிக்கலாகவே காண்கிறது. இதனை விளக்குவதும், இப்புதினத்தைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் எதிர்கொள்ளும் சில இடர்ப்பாடுகளைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

1. சொல்லும் மௌனமும்

எர்த்சீ என்பது தீவுகளாலான ஒரு கற்பனை உலகம். அங்கு மந்திர ஆற்றல் என்பது பொருள்களின் உண்மைப் பெயர்களை அறிந்து சொல்லும் ஆற்றலே. கோன்ட் தீவில் ஆடு மேய்த்துத் திரிந்த சிறுவனுக்கு ஓகியன் என்னும் மந்திரவாதி 'கெட்' என்னும் உண்மைப் பெயரைச் சூட்டுகிறார். ஓகியன் 'மௌனி' என்றே அறியப்படுபவர். அவரிடம் பயிலும் சிறுவனோ மௌனத்தைப் பொறுக்காதவன்.

கெட்டின் சினம் இருமுறை ஒரே வரிசையில் நிகழ்கிறது. ஓகியனின் இல்லத்தில் வாழுங்கால் ஒரு பிரபுவின் மகள் அவனைச் சீண்டுகிறாள். அவன் தன் ஆற்றலைக் காட்ட எண்ணி நூலில் உள்ள மந்திரத்தைப் படிக்கிறான். கதவருகே ஒரு நிழல் தோன்றுகிறது. ரோக் தீவின் பள்ளியில் உயர்குடி மாணவனாகிய ஜாஸ்பர் அவனை ஏளனம் செய்கிறான். அவன் இறந்தோரின் ஆவியை அழைத்துக் காட்ட முற்படுகிறான். உலகில் ஒரு பிளவு உண்டாகி, அதன்வழி வந்த நிழல் அவன்மீது பாய்கிறது. அப்பிளவை மூடும் முயற்சியில் பள்ளியின் தலைமை மந்திரவாதி உயிர் துறக்கிறார். ஏளனம், சொல், நிழல் என்னும் இவ்வரிசை இரு நிகழ்ச்சிகளுக்கும் பொதுவானது. சினம் தகாத சொல்லாக வெளிப்பட, அச்சொல் பேசியவனையே தாக்குகிறது. இரண்டாம் நிகழ்ச்சிக்குப்பின் கெட் நெடுநாள் பேச்சற்றுக் கிடக்கிறான் என்பது இங்கு நோக்கத்தக்கது.

இதன்பின் பெயரிடல் இரு வகையாகச் செயற்படுகிறது. பெண்டோர் தீவின் முதிய டிராகனை, அதன் பெயரை ஊகித்துச் சொல்லிக் கெட் கட்டுப்படுத்துகிறான். இங்குப் பெயர் என்பது பிறிதொன்றை அடக்கும் கருவி. தன்னைத் துரத்தும் நிழலை அவன் அவ்வாறு அடக்க இயலவில்லை. ஓடுவதை விடுத்துத் திரும்பி அதனைத் தேடிச் செல்லுமாறு ஓகியன் அறிவுறுத்துகிறார். இறுதியில் கடலின் எல்லையில் இருவரும் எதிர்ப்படுகையில் ஒருவரையொருவர் அழைக்கும் பெயர் ஒன்றே: கெட். இங்குப் பெயரிடல் அடக்குதலாகாமல் ஏற்றலாகிறது. புதினத்தின் மையக் கருத்து இவ்வேறுபாட்டில்தான் உள்ளது எனலாம்.

2. தமிழ் வினையமைப்பு

தமிழில் 'கோபத்தை அடக்கு', 'கோபத்தை விழுங்கு' என்னும் வழக்குகள் இயல்பாக வந்து விழும். இப்புதினத்தின் பிற்பகுதியில் இவற்றைக் கையாண்டால், ஆசிரியர் மறுக்கும் கருத்தையே மொழிபெயர்ப்பாளர் நிறுவியவராவார்.

இதனினும் நுட்பமானது எழுவாய்ச் சிக்கல். 'அவனுக்குக் கோபம் வந்தது' என்னும் தொடரில் கோபமே எழுவாய். துய்ப்பவன் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறான். கோபம் வெளியிலிருந்து வருவதாகவும் அவன் அதனைப் பெறுபவனாகவும் இவ்வமைப்பு காட்டுகிறது. 'அவன் சினந்தான்' என்பதில் அவனே வினைமுதல். ஆங்கிலத்தில் இத்தகைய இடங்களில் மனிதனே பெரும்பாலும் எழுவாயாவதால் இவ்வேறுபாடு மூலத்தில் வெளிப்படாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இதனைப் பயன்படுத்திக் கொள்ளலாம். சிறுவன் தன் சினத்தைத் தனதென உணராத முற்பகுதிக்கு நான்காம் வேற்றுமை அமைப்பும், நிழலைத் தனதென ஏற்கும் பிற்பகுதிக்கு எழுவாய் அமைப்பும் பொருந்தும். இலக்கணமே கதையின் போக்கைத் தாங்கி நிற்கும்.

தொல்காப்பிய உரியியல் கறுப்பையும் சிவப்பையும் வெகுளிப் பொருள் தரும் சொற்களாகச் சுட்டுவதும் கருதத்தக்கது. 'கறுவு' என்னும் சொல்லில் கருமையும் நெடுநாட் சினமும் ஒருங்கே நிற்கின்றன. கருநிழலாக உருவெடுக்கும் சினத்துக்கு இதனினும் ஏற்ற சொல் அரிது.

3. பெயரின் இடர்ப்பாடு

தலைவனின் வழக்குப் பெயர் வேட்டைப் பறவைகளை அழைக்கும் அவன் திறத்தால் அமைந்த காரணப் பெயர்; ஆகவே 'வல்லூறு' எனப் பெயர்க்கத் தடையில்லை. 'கெட்' என்பதோ தமிழில் பொருளற்ற ஒலியாக நிற்பதில்லை. வல்லின மெய்யில் சொல் முடியாது என்னும் மரபுக்கேற்ப உகரம் சேர்த்தால் 'கெடு' அல்லது 'கெட்டு' என்றாகும்; உருபேற்றால் 'கெட்டை', 'கெட்டுக்கு' என நிற்கும். நெடிலாக்கினால் 'கேடு' வந்து சேரும். சிறுவனைக் கெட்டவன் என்று தீர்க்காத நூலில் அவன் பெயரே தீர்ப்பாகிவிடக் கூடாது. கட்டுரையில் உருபேற்ற வடிவம் உறுத்தாது. கதை படிக்கும் சிறுவர்க்கு உறுத்தும். பெயரைத் திரிக்காமல், உருபைப் பொதுப்பெயரில் ஏற்றிக் 'கெட் என்ற சிறுவனை' என்றோ, 'அவனை' என்றோ எழுதுவது தக்க வழி.

4. விடுபட்ட வினா

இப்புதினத்தின் குறையொன்றும் சுட்டத்தக்கது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வெகுளிக்குக் கூறும் நான்கு நிலைக்களன்கள் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன. நான்கும் பிறர் இழைக்கும் தீங்குகள். வெகுளிக்குப் புறத்தே ஒரு காரணம் உண்டு என்பதை அந்நூல் மறக்கவில்லை. லெ குவினின் கதையில் ஆட்டிடையச் சிறுவன் ஒருவன் பிறப்பின் உயர்வால் செருக்குற்ற ஒருவனிடம் மீண்டும் மீண்டும் இழிவுபடுகிறான். ஆயினும் விளைந்த தீமைக்கு விடைசொல்லும் பொறுப்பு முழுவதும் அவனுடையதே. ஜாஸ்பரோ கதையிலிருந்து விரைவில் நீங்கிவிடுகிறான். பிறப்பால் இழிவுபடுத்துதல் இன்னும் ஒழியாத நம் நாட்டில் இதனைப் படிக்கும் சிறுவர், இழிவுபட்டவனே தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று இதிலிருந்து கற்றல் கூடும்.

திருக்குறளின் வெகுளாமை அதிகாரம் இங்குத் துணைநிற்கிறது. தன் சினம் செல்லுமிடத்தில் அதனைக் காப்பதே காத்தல் என்பது அதன் தொடக்கக் கருத்து. கெட் குடிப்பிறப்பால் எளியவன், ஆற்றலால் வலியவன். அவனைச் சினம் காக்கக் கடமைப்படுத்துவது அவ்வாற்றலே. அவனுடைய எளிய நிலை அதற்குக் காரணமன்று. இவ்வேறுபாட்டைப் புதினம் வெளிப்படக் கூறவில்லை.

முடிவாக, சினம் காத்தல் என்பது சொல்லை விழுங்குதல் அன்று, உரிய சொல்லைக் கண்டடைதலே என்பது இப்புதினம் சிறுவர்க்குத் தரும் செய்தி. அதனைத் தமிழில் தருவோர் 'அடக்கு' என்னும் வினையை எளிதில் கையாளலாகாது. முன்னுரை எழுதுவோர் ஜாஸ்பரின் ஏளனத்தையும் மறந்துவிடலாகாது.