பிறந்தவுடன் போடும் ஊசியும் பிறக்குமுன் நேரும் தொற்றும்

கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ், வயதுவந்தோரைத் தொற்றினால் 100க்கு 5 பேருக்கும் குறைவானவர்களிடமே நிலைத்துத் தங்குகிறது. பிரசவத்தின்போது தாயின் ரத்தத்திலிருந்து சிசுவுக்குத் தொற்றினாலோ, ஏறத்தாழ 100க்கு 90 குழந்தைகளிடம் நாட்பட்ட நோயாக வேரூன்றி, பின்னாளில் ஈரல் சுருக்கத்துக்கோ புற்றுநோய்க்கோ இட்டுச்செல்லக்கூடும். அக்குழந்தைகளிடம் பெரும்பாலும் மஞ்சள் காமாலைகூடத் தென்படுவதில்லை.

இதைத் தடுக்க நாடு தழுவிய திட்டத்தை முதலில் வகுத்த தைவான், 1984 ஜூலையில் தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1986 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி போட்டது. தைபே நகரச் சிறார்களில் வைரஸைச் சுமப்போர் 1984இல் 9.8 விழுக்காடாக இருந்து 1994இல் 1.3 விழுக்காடாகக் குறைந்தனர். 6 முதல் 14 வயதுக்குட்பட்டோரிடம் கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70 என்ற நிலையிலிருந்து 0.36 ஆனது. தடுப்பூசியால் ஒரு புற்றுநோயையே குறைக்கலாம் என்பதற்கு இதைவிட வலுவான சான்று அதுவரை கிடைத்ததில்லை.

ஆயினும், பிறந்த சில மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசியும் மறு தொடையில் ஆயத்த எதிர்ப்புரதமான இம்யூனோகுளோபுலினும் செலுத்தும் இம்முறை, குழந்தை வெளிவந்த பிறகே தொடங்குகிறது; கருப்பையிலேயே தொற்று நேர்ந்துவிட்டால் அது பயன்படாது. வைரஸ் மும்முரமாகப் பெருகுவதைக் காட்டும் இ-ஆன்டிஜென் என்ற புரதம் ரத்தத்தில் உள்ள தாய்மாருக்குப் பிறந்தோரில், இரண்டு ஊசிகளும் போட்ட பின்னரும் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர் தொற்றுக்கு ஆளானதைத் தைவான் ஆய்வே காட்டியது. செலவைக் கருதி இம்யூனோகுளோபுலினை இத்தகைய தாய்மாரின் குழந்தைகளுக்கு மட்டும் ஒதுக்கியதையும் முழுமையாக ஏற்க இயலாது. ஏனைய தாய்மாரின் குழந்தைகளுக்கு நாட்பட்ட தொற்று அரிதெனினும், திடீரென முற்றி உயிருக்கே உலைவைக்கும் கல்லீரல் அழற்சி சிலரைத் தாக்கியது. அவ்வரம்பு 2019இல்தான் நீக்கப்பட்டது.

கருப்பையில் நேரும் தொற்றைத் தடுக்க, வைரஸ் அளவு மிகுந்த கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதங்களில் டெனோஃபோவிர் மாத்திரை தரலாம் என 2020இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அந்த அளவைக் கண்டறியும் சோதனை எளிய மருத்துவமனைகளுக்கு எட்டாததால், அதுவும் இ-ஆன்டிஜென் சோதனையும் கிடைக்காத இடங்களில் தொற்றுள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் தரலாம் என 2024இல் விதி தளர்த்தப்பட்டதும் சரியான முடிவே.

எஞ்சும் குறை தாயைப் பற்றியது. பேற்றுக்குப் பின் மாத்திரையை நிறுத்தும்போது சிலருக்கு அழற்சி மீண்டும் மூள்வதுண்டு. அதைக் கண்டறியத் தொடர் ரத்தப் பரிசோதனை வேண்டும். குழந்தை குழந்தைநல மருத்துவரிடமும் தாய் மகப்பேறு மருத்துவரிடமும் செல்ல, அவளுடைய கல்லீரல் இருவர் பொறுப்பிலும் வராமல் விடுபட்டுப்போகிறது. கர்ப்பகாலச் சோதனையில்தான் தனக்குத் தொற்றிருப்பதையே அறியும் பெண், மகப்பேற்றுப் பிரிவிலிருந்து வீடு திரும்புமுன் கல்லீரல் மருத்துவரிடம் அனுப்பப்படுவதும் இத்திட்டத்தின் பகுதியாக வேண்டும்.