பனிக்காலத்து வரிமீன்

டெக்சாஸுக்கும் ஓக்லஹோமாவுக்கும் நடுவே கிடக்கிற டெக்ஸோமா ஏரியில், ஜனவரி விடியலில் ஒருவர் கயாக்கை இறக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மோட்டார் இரைச்சல் கிடையாது. துடுப்பு நீரைத் தொடும் 'சளக்', அதன் நுனியிலிருந்து சொட்டும் துளிகள், அவ்வளவுதான் ஓசை. வரிப் பாஸ் மீன் எங்கே என்று கடற்காகங்கள் காட்டிக்கொடுக்கும். கீழே மீன்கூட்டம் ஷாட் என்கிற பொடிமீனை விரட்ட, மேலே அவை கத்திக்கொண்டு பாயும். அந்த இடத்துக்குள் அடித்துப் பிடித்துப் போனால் கூட்டம் கலைந்துவிடும். ஓரமாக நழுவிப் போய், ஈயத்தலைத் தூண்டிலை இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கோலின் வளையங்களில் உறையும் பனியை அவ்வப்போது விரலால் உடைத்துவிட வேண்டும். குளிர்நீரில் மீன் மந்தம். பல நேரம் கடி என்பது தங்கூசியில் ஒரு சின்னத் தட்டல்தான். விறைத்த விரல் அதை உணர்ந்துகொள்கிறதே, அதுதான் தேர்ச்சி!

மாட்டிய பிறகு மந்தமெல்லாம் போய்விடும். பெரிய மீனென்றால் கயாக்கையே இழுத்துக்கொண்டு போகும். ஆள் அதனோடு மல்லுக்கு நிற்காமல், போகிற போக்கில் கொஞ்ச தூரம் போகிறார். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. கடைசியில் படகோரத்தில் வெள்ளிப் பக்கம் புரள்கிறது. மையால் இழுத்தாற்போல ஏழெட்டுக் கருங்கோடுகள். நனைந்த கையில் ஒரு நொடி ஏந்தி, தலையை நீருக்குள் காட்டுகிறார். வாலை ஒரு வீசு வீசிவிட்டு அது இறங்கிப் போகிறது.