கூத்தும் கூலியும்

நாட்டுக்கூத்தைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளிற் பெரும்பாலானவை அதன் தொன்மையைப் பேசுகின்றன. சில அதன் தாளக்கட்டையும் ஆட்டக்கோலத்தையும் நுணுகி ஆராய்கின்றன. அக்கூத்தை ஆக்குவோரின் உழைப்புக்கு யார் விலை கொடுக்கின்றனர் என்ற வினாவை எழுப்பியோர் மிகச் சிலரே. கலையைப் பற்றிப் பேசுமிடத்துக் கூலியைப் பற்றிப் பேசுதல் இழுக்கு என்றோர் எண்ணம் நம்மிடையே ஊறிக் கிடக்கின்றது. அவ்வெண்ணம் யாருக்கு வசதியானது என்பதை ஆராய்தல் வேண்டும்.

மட்டக்களப்புக் கிராமத்திலே கூத்து இனாமாக ஆடப்பட்டதன்று. சட்டங் கொடுத்தல் தொடங்கி அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் நீளும் அவ்வுழைப்புக்கு ஊரே பொறுப்பேற்றிருந்தது. வயல் வேலை முடித்து வந்தவன் இரவிலே களரியில் ஆடினான். அண்ணாவியார் மத்தளத்துடன் அவனுக்கு ஆட்டமும் தருவும் பழக்கினார். சதங்கையணியும் நாளிலும் அரங்கேற்ற இரவிலும் அண்ணாவியாருக்கு மரியாதை செய்யப்பட்டது. அரங்கேற்றத்தின் பின் கூத்தர்கள் வீட்டுக்கு வீடு ஆடிச் சென்று அன்பளிப்புப் பெற்றனர். இம்முறை நிறைவானது என்று நாம் கூறவில்லை. யாருக்கு எந்த வேடம், எவர் வாசலில் ஆடுவது என்பவற்றிலே சாதியும் செல்வாக்கும் புகுந்திருந்தன. ஆயினும் ஆடியவனுக்கும் பார்த்தவனுக்கும் இடையே ஒரு கணக்கு இருந்தது. அது இருவருக்கும் தெரிந்த கணக்கு.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், 1968இல் வாலிவதை என அவை தொடர்ந்தன. விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்டது, மேடை நேரத்துக்குள் அடங்கிற்று. 1956இல் சரச்சந்திரவின் மனமே சிங்கள நாடகத்துக்குச் செய்ததைத் தமிழுக்குச் செய்ய முனைந்த அம்முயற்சியின் பெருமையை நாம் குறைக்க விரும்பவில்லை. படித்தவர் ஏளனமாய்ப் பார்த்த கலை அதனாலேயே பல்கலைக்கழகத்துள் மதிப்புப் பெற்றது. ஆனால் அம்மாணவருக்கு ஆட்டம் பழக்கியவர் சித்தாண்டிக்கு அயலூரான வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார். நாடக வரலாற்றைப் பாடமாகக் கற்கும் மாணவருள் வித்தியானந்தன் பெயரை அறிந்தவரை எண்ணிப் பாருங்கள். செல்லையா அண்ணாவியார் பெயரை அறிந்தவரையும் எண்ணிப் பாருங்கள்.

கூத்து ஊரை விட்டு மேடைக்குப் பெயர்ந்தபோது, ஊர் சுமந்த செலவை மேடை ஏற்கவில்லை. வீட்டுக்கு வீடு ஆடும் வழக்கம் மேடையிலே இல்லை. அதற்கு ஈடாக எதுவும் வைக்கப்படவுமில்லை. இன்று பாடசாலைப் போட்டிக்கோ கலாசார விழாவுக்கோ அண்ணாவியார் அழைக்கப்படுகின்றார். எத்தனை இரவு பழக்க வேண்டும், என்ன கொடுப்பார்கள் என்பது முன்கூட்டிப் பேசப்படுவது அரிது. முடிவிலே ஒரு பொன்னாடை. பொன்னாடையைக் கடையிற் கொடுத்து அரிசி வாங்க முடியாது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவிலே மேசையைச் சுற்றியிருந்து வேடமேற்று ஆடும் கதை விளையாட்டுக்களை நூலாக அச்சிட்டு விற்கும் தொழில் பெரிதாக வளர்ந்துள்ளது. அந்நூல்களிற் பெரும்பகுதியை எழுதுவோர் நிரந்தர ஊழியரல்லர். சொல்லுக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் துண்டுவேலைக்காரர். 2021 ஒக்டோபரில் பெய்சோ என்னும் நிறுவனத்தின் ஊழியர் தொழிற்சங்கம் அமைத்தபோது, சங்கத்திற் சேரும் உரிமையே இல்லாத இவ்வெழுத்தாளர் பலர் சங்கம் ஏற்கப்படும் வரை எழுதமாட்டோம் என நிறுத்தினர். சில நாட்களிலேயே நிறுவனம் சங்கத்தை ஏற்றது. அதே ஆண்டு வேறொரு பெருநிறுவனத்தின் தொகுதிக்கு எழுதிய கறுப்பின எழுத்தாளர் ஒருவர், தம் படைப்பு தம்மைக் கேளாமலே மாற்றப்பட்டதென்றும், மாற்றத்திலே குடியேற்றவாதக் கண்ணோட்டம் புகுந்துவிட்டதென்றும் வெளிப்படையாகக் கூறினார். பல இனத்தவரையும் எழுத அழைக்கின்றோம் என்பது அத்தொழிலின் புதிய பெருமை. அழைக்கப்பட்டவரின் சொல்லுக்கு என்ன அதிகாரம் என்பதிலேதான் பிணக்கு.

நம்மிடமும் அப்பிணக்கு உண்டு. இன்னும் கூர்மையாக உண்டு. பறைமேளம் தமிழரின் ஆதி வாத்தியம், பறைமேளக் கூத்து நம் அரிய செல்வம் என்று அறிஞர் மேடைகளிலே முழங்குகின்றனர். சாவீட்டிலும் கோயில் வாசலிலும் அம்மேளத்தை அடிக்குமாறு தலைமுறை தலைமுறையாகக் கட்டாயப்படுத்தப்பட்ட மக்களின் பிள்ளைகளோ, அதனைக் கையால் தொடமாட்டோம் என்கின்றனர். கலையை அழிக்கின்றனர் என அவ்விளைஞர் மீது பழி சுமத்தப்படுகின்றது. அப்பழியை நாம் ஏற்கவில்லை. அவமதிப்பும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட வேலையை மறுக்கும் உரிமை, எந்தத் தொழிலாளிக்கும் உரியதன்றோ? பறையைப் போற்றுவோர் அதனைத் தம் பிள்ளைகளுக்கும் பழக்கட்டும். அடிப்பவருக்கு மற்றைய வாத்தியகாரருக்குரிய ஊதியத்தையும் இருக்கையையும் கொடுக்கட்டும். அதன் பின்பு பேணுதலைப் பற்றி அம்மக்களோடு பேசலாம்.

பெண்களின் நிலையும் இவ்வாறே. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடிவந்த களரியிலே இன்று பெண்கள் ஆடுகின்றனர். கலாநிதி சி. ஜெயசங்கர் முதலியோர் சீலாமுனையில் ஊர் மக்களோடு சேர்ந்து நடத்திய கூத்து மீளுருவாக்கம், கூத்தின் உள்ளடக்கத்திலுள்ள சாதி, பால் இழிவுகளையும் கேள்விக்குட்படுத்தியது. மரபு கெடுகின்றது என்ற கூச்சல் எழாமலில்லை. எதை மாற்றுவது என்பதை ஆடுவோரே கூடிப் பேசித் தீர்மானித்த இம்முறையை, நிபுணர் ஒருவர் வெளியிலிருந்து செப்பனிடும் முறையிலும் மேலானதாகவே நாம் கருதுகின்றோம்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பளிக்கின்றது. அவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்துவோர் அதிகாரசபையின் அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்த வேண்டும். அப்பணம் கலாசார அபிவிருத்திக்குச் செல்லும். வந்தாறுமூலையிலோ சித்தாண்டியிலோ மத்தளத்துக்கு வார் பிடிக்கும் அண்ணாவியாரின் வாசலுக்கு அது வந்து சேரும் வழி அச்சட்டத்தில் எழுதப்படவில்லை.