சிவப்பு எண்களும் நிஜ விநாடிகளும்

துப்பறியும் படங்களில் இக்காட்சியை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். வெடிகுண்டின் மேல் சிவப்பு எண்கள் ஓடுகின்றன: 30, 29, 28... கதாநாயகனுக்கு வியர்க்கிறது. எந்தக் கம்பியை வெட்டுவது? கடைசி நொடியில் எண் நின்றுவிடுகிறது. 1964-ல் வெளிவந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் அது 007-ல் நின்றது. கதாநாயகனான ஒற்றனின் எண்ணும் அதுவே! வேடிக்கையாக ரசிக்கலாம், தவறில்லை.

ஆனால் அந்த விநாடிகளை அளந்து பார்த்ததுண்டா? 25 செ.மீ. நூலில் சிறு கல்லைக் கட்டி மெல்ல ஆட்டுங்கள். (நீளத்தைக் கல்லின் நடுவரை அளக்க வேண்டும்.) ஒரு முழு அலைவுக்கு ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். விடுமுறைக்கு மேல்சித்தாமூர் வந்திருந்த என் அக்காள் மகன், இந்த ஊசலுடன் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தான். திரையில் 30 விநாடி கழிவதற்குள் அவன் 74 அலைவுகள் எண்ணிவிட்டான். “மாமா, இவங்க கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுக்கணும்” என்றான்.

அதைவிடப் பெரிய கேள்வி, அந்த எண்கள் யாருக்காக என்பது. குண்டு வைப்பவன் நேரத்தைப் பிறருக்கு ஏன் காட்ட வேண்டும்? 1984 ஆகஸ்ட் 2 இரவு, சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வெடித்த குண்டு, மூடிய பயணப் பெட்டிக்குள் இருந்தது. தொலைபேசியில் எச்சரிக்கை வந்தும் 30 பேருக்கு மேல் மாண்டனர். இன்னும் எத்தனை நிமிடம் என்பது பக்கத்தில் நின்றவர் எவருக்கும் தெரியாது. கேட்பாரற்ற பெட்டியைக் கண்டால் விலகிப்போய்ப் போலீசாரிடம் சொல்ல வேண்டும் என்பது இதனால்தான். திரைப்படமோ, கிட்டப் போய் எண்ணைப் பார்க்கலாம் என்று இளைஞர்களுக்குச் சொல்லித் தருகிறது. என் மனத்தாங்கல் இதுவே.

எண்கள் எல்லோருக்கும் தெரிய இறங்கும் இடம் ஸ்ரீஹரிகோட்டா. (ராக்கெட்டுக்கு இப்படி எண்ணுவதை ஃபிரிட்ஸ் லாங்கின் ஜெர்மன் படம் 1929-லேயே காட்டிவிட்டது. இந்த விஷயத்தில் சினிமா முந்திக்கொண்டது!) அங்கே கடிகாரம் இருப்பது, பலர் ஒரே நேரத்தில் தத்தம் வேலையைச் சரிபார்ப்பதற்காக, ஐயம் வந்தால் நிறுத்துவதற்காக. 2019 ஜூலை 15 அன்று சந்திரயான்-2 புறப்பட 56 நிமிடம் 24 விநாடி இருக்கையில் எண்ணிக்கை நிறுத்தப்பட்டது. ஒரு வாரம் கழித்து, 22ஆம் தேதி, அது விண்ணேறியது. 2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் சோதனைக் கலம் புறப்பட 5 விநாடியே இருக்கையில் கணினி தானே நிறுத்தியது. யாரும் கம்பியை வெட்டவில்லை. கோளாறைக் கண்டு சரிசெய்து, அன்று காலை 10 மணிக்கே அனுப்பிவிட்டார்கள்.