கல் பதித்தால் கடைவீதி ஆகுமா?

தென்காசி போனால் காசி விஸ்வநாதர் கோபுர வாசலில் பத்து நிமிஷம் நின்று காற்று வாங்குவது என் வழக்கம். போன முறை பக்கத்தில் பூ விற்கும் ஆச்சியிடம் பேச்சுக் கொடுத்தேன். “ரோட்ட அழகாக்குதோம்னு வந்தா மொதல்ல எங்களத்தான எந்திரிக்கச் சொல்லுவாவ?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய கடைவீதிகளைப் புதுப்பிக்கும் திட்ட அறிக்கைகளைப் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. நடைபாதை, விளக்கு, வடிகால், பார்க்கிங், கடை முகப்பு எல்லாவற்றுக்கும் படம் இருக்கும். வியாபாரம் மட்டும் பெரும்பாலும் ஒரு எண்ணிக்கையாக வரும்: ‘இத்தனை கடைகள்’. யார் யாரை நம்பிப் பிழைக்கிறார்கள் என்பது இருக்காது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய மென்பொருளை, அது என்ன வேலை செய்கிறது என்று பார்க்காமலே திருப்பி எழுதுவது மாதிரிதான் இது. எங்கள் தொழிலில் அப்படிச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

மதுரையைப் பாருங்கள். 2018 பிப்ரவரி 2 அன்று மீனாட்சி அம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. கோயில் மண்டபங்களில் கடைகள் கூடாது என்ற வாதம் அதற்குப் பிறகு வலுத்தது, நியாயமாகத்தான். திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்திலிருந்த கடைகள், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் எழுந்த குன்னத்தூர் சத்திரம் கட்டடத்துக்குப் போயின. சிற்பங்கள் வெளிச்சத்துக்கு வந்தது நல்ல விஷயம். ஆனால் புது மண்டபத்தில் துணி எடுத்து, அங்கேயே தையல்காரரிடம் கொடுத்துவிட்டு, சாமி கும்பிட்டு வந்து வாங்கிப் போகலாம். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷ உடுப்பு தைக்கவும் அங்கேதான் போவார்கள். வழியோடு போகிறவர் எட்டிப் பார்க்கும் கடையும், படியேறித் தேடிப் போகவேண்டிய கடையும் ஒன்றா? வாடகைக்கு ஒரு சதுர அடி இன்னொரு சதுர அடிக்குச் சமம். வியாபாரத்துக்கு இல்லை.

சட்டம் இதை ஓரளவு யோசித்திருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், இரண்டாம் அட்டவணை: ஐம்பது வருஷத்துக்கு மேல் தெரு வியாபாரம் நடக்கும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். இது தெருவோர வியாபாரிகளுக்குத்தான். கோயில் கடையின் வாடகைதாரருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே எந்தத் திட்டமும் முதலில் கேட்க வேண்டியது: இங்கே யார் தெருக்காரர், யார் வாடகைதாரர்?

இரண்டாவது கேள்வி: எந்த மாதத்தில் கணக்கெடுத்தீர்கள்? குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல், கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள். சீசனில் குற்றாலநாதர் சன்னதியில் நேந்திரம் சிப்ஸும், மங்குஸ்தானும், எண்ணெய்த் தேய்ப்பும் நெரியும். ஏப்ரலில் வந்து எண்ணுகிறவருக்கு அது வெறும் வீதி. ஜூலையில் மட்டும் எண்ணுகிறவருக்கு எல்லாமே ஆக்கிரமிப்பு. 2019இல் மாவட்டத் தலைநகரான தென்காசிக்கும் பெரிய திட்டங்கள் ஒருநாள் வரும். அதற்குள் ரத வீதிகளில் வருஷம் முழுக்க ஒரு கணக்கு எடுத்து வைத்தால் செலவும் அதிகமில்லை.

இந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டு ஒன்று உண்டு. பிற்காலத்தில் கோயிலில் குறை வந்தால் அதைத் திருத்திக் காப்பவர்களின் காலில் விழுகிறேன் என்று 15ஆம் நூற்றாண்டிலேயே வெட்டி வைத்தார். இடிந்துகிடந்த ராஜகோபுரம் 1990இல் திரும்ப எழுந்தது. இன்றைக்கு ஒன்பது நிலை. கட்டுவதைவிடக் காப்பது பெரிது என்று ஒரு ராஜாவுக்குத் தெரிந்திருக்கிறது.

வீதியைக் காப்பது என்றால் அந்த ஆச்சி உட்காரும் நாலடி இடத்தையும் சேர்த்துத்தான். வரைபடத்தில் அந்த நாலடி எங்கே என்று காட்டுங்கள், மிச்சத்தைப் பிறகு பேசலாம்.